பள்ளி உறுதிமொழியில் எந்தச் சொல்: அகிம்சையா, அமைதியா, சமாதானமா?

அம்பை_டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் சொல்ல, நாலு வரியில் ஓர் உறுதிமொழி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். போரும் வேண்டாம், வன்முறையும் வேண்டாம் என்பதுதான் சாரம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதியின் பெயரால் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, இது எதற்கு என்று நம்ம பக்கத்து வாத்தியார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாதிக்கொரு நிறம் என்று பார்த்துக் கையில் கயிறு கட்டுகிற பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு.

நான் முதலில் எழுதியது இது: "அகிம்சை வழியில் நடப்போம். வன்முறையை முழு மூச்சுடன் எதிர்ப்போம். உலக அமைதிக்காகப் பாடுபடுவோம். சமாதானம் போற்றுவோம்." வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்கப்பா பட்டாளத்துல இருக்காரு. அப்ப அவரு வன்முறைக்காரரா?" என்று கேட்டான். அவன் உட்காரும் முன்னே ஒரு பெண், "அகிம்சைன்னா அடியும் வாங்கிட்டு சும்மா வாரதா டீச்சர்?" என்றாள். மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

அகிம்சை, வன்முறை எதிர்ப்பு, அமைதி, சமாதானம், இந்த நாலும் ஒன்றுதானா, வேறு வேறா? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாயில் எது நிற்கும்? காந்தி ஜெயந்திக் கட்டுரைகளை மட்டும் அனுப்ப வேண்டாம், பீரோ நிறைய இருக்கிறது.


பொருநைக்கரையான்:

அமைதி என்று மட்டும் போடாதீர்கள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் "அமைதி! அமைதி!" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். உலக அமைதி என்றால் உலகமே வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறதாக்கும் என்றுதான் நான் ஏழாம் வகுப்பு வரை நினைத்தேன்.


ஜமாபந்தி:

டீச்சர், நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்தில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள், பட்டா சிட்டா எழுதியதைவிட அமைதிக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதியதுதான் அதிகம் என்று சொல்லிக்கொள்வோம். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

ஒரு கொடை விழா. சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இரண்டு தெருவுக்குத் தகராறு. வட்டாட்சியர் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர், அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். தலைமாட்டில் கோட்டாட்சியர், பக்கத்தில் டி.எஸ்.பி. டீயும் உளுந்தவடையும் வந்தன. அவர்கள் எடுக்கட்டும் என்று இவர்களும், இவர்கள் எடுக்கட்டும் என்று அவர்களும் இருந்ததில் வடை ஆறிப்போய் எண்ணெய் காகிதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வழக்கமான வாசகத்தை எழுதி வாசித்தேன்: "இருதரப்பினரும் சமாதானமாகவும் சுமூகமாகவும் நடந்துகொள்வதாக ஒப்புக்கொண்டனர்." வெள்ளை மீசைப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "ஐயா, சமாதானம்னு எழுதாதிய. யாரு என்ன செய்யணும்னு அதுல ஒண்ணுமே இல்லயே. வடக்குத் தெரு முக்கு வந்ததும் கொட்டு நிக்கும், சப்பரம் சத்தமில்லாமப் போவும், நாங்க ஒருத்தரும் கல்லு எடுக்க மாட்டோம், அப்படின்னு எழுதுங்க. எவன் கையெழுத்துப் போடுதான், எவன் போடலன்னு அப்பத் தெரிஞ்சிரும்." அப்படியே எழுதினோம். பேனா வாங்கிக் கையெழுத்துப் போட அரை மணி நேரம் யோசித்தார்கள். ஆனால் போட்டார்கள், அந்த வருஷம் கொடையும் நடந்தது.

அதனால் இந்த மாதிரிச் சொல் எது வந்தாலும் நான் பார்ப்பது இதுதான்: இதை யார் செய்ய வேண்டும், எதைக் கீழே போட வேண்டும்?

அமைதி என்பது ஒரு நிலை. அதை யார் கொண்டுவந்தார்கள் என்று அந்தச் சொல் சொல்லாது. ஊர் முக்கில் நாலு போலீஸ் வேன் நின்றாலும் அமைதிதான். "தற்போது அங்கு அமைதி நிலவுகிறது" என்று பேப்பரில் வந்தால் எங்கள் அலுவலகத்தில் படிக்கிற விதம், "இன்னும் வேன் கிளம்பவில்லை" என்று. சட்டத்திலும் அப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, இப்போதைய புதிய சட்டத்தில் 126. "அமைதி காப்பேன்" என்று ஒருவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது, அதிகபட்சம் ஓராண்டுக்கு. அவர் மனசு மாறியதா என்று அந்தப் பத்திரம் கேட்காது.

சமாதானத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மட்டும் சமாதானமாக முடியாது. பாளையங்கோட்டையில் சமாதானபுரம் என்று பேருந்து நிறுத்தமே இருக்கிறது, தினம் ஆயிரம் பேர் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பேச்சில் "சமாதானம் சொல்லாத" என்றால் சாக்குப்போக்குச் சொல்லாதே என்று அர்த்தமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த அர்த்தம்தான் முதலில் ஞாபகம் வரும்.

அகிம்சை தனி ஆள் சமாச்சாரம். எதிராளி ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நான் செய்யமாட்டேன் என்று ஒருத்தர் எடுக்கிற விரதம். சமணர்களின் ஐந்து விரதங்களில் முதலாவது அது. கழுகுமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காட்டலாம். எட்டாம் நூற்றாண்டு வாக்கில் நம்ம பாண்டிய நாட்டிலேயே இந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்கள் இருந்த இடம். (1895இல் பெரிய கலவரம் நடந்ததும் அதே கழுகுமலையில்தான். சுற்றுலாக் கையேட்டில் அதைப் போட மாட்டார்கள்.)

வன்முறை என்பது பேப்பர் தமிழ், அலுவலகத் தமிழ். ஊரில் யாராவது "நேத்து வன்முறை நடந்தது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அடிதடி, வெட்டுக்குத்து. பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும். "வன்முறையை எதிர்ப்போம்" என்று அவர்கள் சொல்லும்போது அது வேறு எங்கோ, டிவியில் நடக்கிற ஏதோ ஒன்று. நேற்று பஸ்சில் பக்கத்து ஊர்ப் பையனைச் சாதி சொல்லிக் கன்னத்தில் அறைந்தது அதில் சேரும் என்று அவர்களுக்குப் படவே படாது.

இன்னொன்று. வருஷா வருஷம் மே 21 அன்று பயங்கரவாத எதிர்ப்பு நாள் உறுதிமொழியை வலது கையை நீட்டிக்கொண்டு வாசிப்போம். அகிம்சையிலும் சகிப்புத்தன்மையிலும் நம்பிக்கை என்று தொடங்கி, அடுத்த மூச்சில் முழு வலிமையோடு எதிர்ப்போம் என்று போகும். அரசாங்கத்துக்கு அது சரி, அதன் கையில் போலீஸ் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனிடம் "முழு மூச்சுடன் எதிர்ப்பேன்" என்று சொல்லவைத்தால் அவன் கையில் என்ன இருக்கிறது? எதிர்ப்பு என்றாலே எதிரில் ஒருத்தன் நிற்கிறான். நீங்கள் எழுதியதில் முதலில் அடிக்க வேண்டியது அந்த வரிதான்.

பட்டாளத்துப் பையன் கேட்டதுக்கு அப்புறம் வருகிறேன். மாத்திரை போடுகிற நேரம்.


மேலவீதி_தமிழ்:

அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் அகிம்சை, சமாதானம் எல்லாம் வடசொல். வள்ளுவரிடமே இன்னா செய்யாமை, கொல்லாமை என்று இரண்டு அதிகாரம் இருக்கும்போது எதற்குக் கடன்? நான் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். சங்க இலக்கியத்தில் போரை நிறுத்துவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பெயர் துணைவஞ்சி. புறநானூறு 45ஆம் பாட்டைப் பாருங்கள். உறையூர்க் கோட்டைக்குள் சோழன் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்கிறான், வெளியே அதே சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி முற்றுகை. புலவர் கோவூர் கிழார் போய்ச் சொல்கிறார்: உன் எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் இல்லை. நீயும் சோழரின் ஆத்திப்பூச் சூடியிருக்கிறாய், அவனும் ஆத்தி சூடியிருக்கிறான். "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே." எட்டாம் வகுப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?


ஜமாபந்தி:

தம்பி, பாட்டு அருமை. டீச்சர், இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், கதையாகச் சொன்னாலே போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போரே தப்பு என்று கோவூர் கிழார் சொல்லவில்லை. சொந்தப் பங்காளியோடு போடாதே, உன்னைப் போன்ற மற்ற வேந்தர்கள் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் என்கிறார். எதிரில் பனம்பூவோ வேப்பம்பூவோ இருந்திருந்தால் என்ன பாடியிருப்பாரோ! "நம்ம ஆளு, நம்ம ஆளு" என்று பூவைப் பார்த்துச் சண்டையை நிறுத்துவது ஒரு சமயம் உதவும். கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சண்டை போடுகிற பையன்களிடம் ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

குறளிலும் அப்படி ஒரு விஷயம் இருக்கிறது. இன்னா செய்யாமை 32ஆம் அதிகாரம், கொல்லாமை 33. இரண்டும் துறவறவியலில் இருக்கின்றன. பொருட்பாலுக்குப் போனால் படைமாட்சி, படைச்செருக்கு. செங்கோன்மையில் 550ஆம் குறள், கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பதற்குச் சமம் என்கிறது. ஆக கொல்லாமை என்பது வள்ளுவரிடம் எல்லா ஆளுக்கும் எல்லா நேரத்துக்கும் ஒரே மாதிரிப் போட்ட சட்டம் இல்லை. எந்த வேஷத்தில் நிற்கிறாய் என்று பார்க்கிறார்.

இந்த இடத்தில்தான் பட்டாளத்துக்காரர் மகனுக்குப் பதில் இருக்கிறது. மூன்று பேர் இருக்கிறார்கள் டீச்சர். இந்தப் போர் வேண்டாம் என்பவர் ஒருத்தர், அவர் போர் எதிர்ப்பாளர். நாளைக்கு வேறொரு போரை நியாயம் என்றும் சொல்வார். எந்தப் போரும் வேண்டாம், எவன் வந்தாலும் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்பவர் இன்னொருத்தர். பேப்பரில் அமைதிவாதி என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டில் பேசிஃபிசம் என்பார்கள். எமில் அர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் உண்டாக்கிய சொல், 1901இல் கிளாஸ்கோ உலக அமைதி மாநாட்டில் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆட்களுக்கு அதற்கு விலையும் இருந்தது. 1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது, என் மனசாட்சி இடம் தரவில்லை என்று ஒரு விசாரணைக் குழு முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். சிலருக்கு விலக்குக் கிடைத்தது, சிலரை ஆம்புலன்ஸ் வேலைக்கு அனுப்பினார்கள், சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். நம்ம நாட்டில் கட்டாய ராணுவம் கிடையாது. அப்படி மறுக்க வேண்டிய நிலை நம்ம ஊர்ப் பையன் யாருக்கும் வரவில்லை. அதனால்தான் அந்த ஆளுக்குப் பேச்சு வழக்கில் ஒரு சொல் உட்காரவே இல்லை. மூன்றாவது ஆள், தெருவில் கை நீட்ட மாட்டேன் என்பவர். பட்டாளத்துக்காரரும் இந்த மூன்றாவது ஆளாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள். எங்கள் தெருவில் சண்டை நடந்தால் முதலில் ஓடிவந்து விலக்குபவர் ஒரு பழைய சுபேதார். அவரை வன்முறைக்காரர் என்று சொல்ல எந்த வாய் வரும்? அதே சமயம் போர் என்பது ஆள் சாகிற காரியம் என்று அந்த வீட்டுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பையனிடம் இரண்டையும் சொல்லலாம், தாங்குவான்.

வடசொல் விவகாரத்தில் எனக்கு ஆர்வம் இல்லை தம்பி. கோயில் கொடையில் அரிவாள் தூக்கினவன் தனித்தமிழில் தூக்கினானா, மணிப்பிரவாளத்தில் தூக்கினானா என்று யாரும் எஃப்.ஐ.ஆரில் எழுதுவதில்லை.


உப்புக்காத்து:

அண்ணாச்சி, அந்தப் புள்ள கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. அகிம்சை என்றால் அடி வாங்கிக்கொண்டு சும்மா வருவதா என்று கேட்டாளே.

நான் இடிந்தகரைப் பக்கம். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011இல் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டபோது நானும் உட்கார்ந்தேன். பெரும்பாலும் பொம்பளைகள்தான். தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்போம், வயிற்றுப்பாட்டையும் பார்க்கணுமே. மைக்கில் பேசுகிறவர்கள் எல்லாம் "அறவழிப் போராட்டம்" என்றார்கள். அகிம்சை என்று சொன்னவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். நாங்கள் எங்களுக்குள் பேசும்போது இரண்டுமே வராது. "உக்காந்து கேக்கோம்" என்போம், அவ்வளவுதான். 2012 செப்டம்பரில் கடலில் இறங்கி நின்றதைப் பேப்பரில் ஜல சத்தியாகிரகம் என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து சேலை காயப் போட்ட பிறகுதான் தெரியும்.

அந்தப் புள்ளைக்கு நான் சொல்வது, சும்மா வருவது ஒன்று, போகாமல் உட்காருவது ஒன்று. திருப்பி அடிக்காமல் அங்கேயே உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு, திருப்பி அடிப்பதைவிடத் தெம்பு வேணும். முதுகு வலிக்கும், ஆள் மாற்றி ஆள் உட்காரணும், யாராவது ஒரு பயல் கல்லைத் தூக்கினால் நாமே அவன் கையைப் பிடிக்கணும். அந்தக் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம். அத்தனைக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத்துரோக வழக்கு என்று செய்தியில் வந்தது. அறவழி என்று நாம் சொன்னால் எதிராளியும் அப்படியே எடுத்துக்கொள்வான் என்றில்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

சமாதானம் பற்றி ஒன்று. எங்கள் அம்மை காலத்து வாசகம் "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்று சி.எஸ்.ஐ. சொந்தக்காரர்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கும். எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் இப்போது "அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர்". சொல் எதுவானாலும் ரெண்டிலும் பண்ணுகிறவர், ஏற்படுத்துகிறவர் என்று ஆள் இருக்கிறார். அண்ணாச்சி கேட்ட "யார் செய்யணும்" அதில் இருக்கிறதே.


ஜமாபந்தி:

இருக்கிறது அம்மா. காலண்டரை மறந்துவிட்டுப் பேசிவிட்டேன்.


முகாம்_வாசி:

நான் இந்த மாவட்டத்தில் இலங்கை அகதி முகாமில் வளர்ந்தவன். எங்கட வீட்டில் வன்முறை என்று சொல்லமாட்டினம், வன்செயல் என்றுதான். 83 ஆடியில இலங்கையில தமிழர் மேல நடந்த தாக்குதலைப் பற்றிப் பேசும்போது அம்மா அந்தச் சொல்லைத்தான் பாவிப்பா. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஊரில் இருந்த பெரியம்மா எழுதின கடிதங்களில் "சமாதான காலம்" என்று வரும். அது முடிஞ்ச பிறகும் "சமாதான காலத்தில வாங்கின சைக்கிள்", "சமாதான காலத்தில கட்டின கிணறு" என்றுதான் சொல்லுவா. அந்தச் சொல் எங்களுக்கு ரெண்டு சண்டைக்கு நடுவில கிடைச்ச சில வருஷம். உலக சமாதானம் என்று மேடையில் கேட்டால் எனக்கு அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வரும். டீச்சர், போர் வேண்டாம் என்பதை மட்டும் விட்டுவிடாதீங்கோ. தெருச் சண்டை மட்டும் போதும் என்று நினைச்சால் பிள்ளைகள் செய்தி பார்க்கிறதே இல்லை என்று ஆகிவிடும்.


அம்பை_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலை. உப்புக்காத்து அக்கா எழுதியதை வகுப்பில் வாசித்தேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் "பீடி சுத்திக்கிட்டேவா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அம்மாவும் பீடிதான்.

இப்போது இருக்கிற வடிவம்:

"நான் யாரையும் அடிக்க மாட்டேன்.
சாதி சொல்லி யாரையும் பேச மாட்டேன், பேசினால் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன்.
சண்டை நடந்தால் நடுவில் போய் விலக்கிவிடுவேன்.
எந்த நாட்டிலும் போர் வேண்டாம் என்று சொல்வேன்."

"-வோம்" எல்லாம் "-வேன்" ஆகிவிட்டது. "எதிர்ப்போம்" போயே போச்சு. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு "இதில் ஒரு பெரிய சொல்கூட இல்லையே" என்றார். அகிம்சையைத் தலைப்பில் வைத்துச் சமாளித்தேன்.


மேலவீதி_தமிழ்:

தலைப்பில் "இன்னா செய்யாமை" வைத்திருக்கலாம். சரி, விடுங்கள்.


ஜமாபந்தி:

டீச்சர், மூன்றாம் வரியை மாற்றுங்கள். நம்ம ஊரில் விலக்கப்போன ஆள் வெட்டு வாங்கிய கேஸ் எத்தனையோ என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பெரிய ஆளே தடுமாறுகிற இடம் அது, பதின்மூன்று வயதுப் பிள்ளையை "நடுவில் போ" என்று உறுதிமொழி எடுக்கவைக்காதீர்கள். "சண்டை நடந்தால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க மாட்டேன், ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிடுவேன்" என்று போடுங்கள். சுற்றி நிற்கிற கூட்டம் கலைந்தாலே பாதிச் சண்டை நின்றுவிடும், யாருக்காக அடிக்கிறான் அவன்?

அப்புறம் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தரிடம் சொல்லி வையுங்கள், பிள்ளைகள் ஓடிவந்து கூப்பிட்டால் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்று.


அம்பை_டீச்சர்:

மாற்றிவிட்டேன் அண்ணாச்சி. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். யார் எழுந்து போவது என்பதற்கு வாரப் பட்டியல் போட வேண்டும் என்கிறார்கள், திங்கள்கிழமை கூட்டம்.